கூலர் பெட்டியில் சுருட்டு: வாடைக்கும் கச்சானுக்கும் ஏற்ற ஈரப்பதன் கையேடு

சுருட்டைப் பாதுகாப்பது பற்றி எழுதப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்தது. அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குள் ஈரப்பதன் 30 வீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் பஞ்சை நனைத்து வை, மரத்தை ஈரத்துணியால் துடை, நீர்க்கிண்ணம் வை என்று எல்லா அறிவுரையும் ஈரம் ஏற்றுவதைப் பற்றியே இருக்கும். அதை அப்படியே திருகோணமலையில் செய்தால் சில கிழமைகளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

இங்கே வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வீட்டுக்குள் ஈரமானி 80 வீதத்தைத் தாண்டி நிற்கும். கச்சான் (தென்மேல் பருவக்காற்று) வீசும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில்கூட நண்பகலில் 60 வரை இறங்கிவிட்டு இரவில் மீண்டும் ஏறிவிடும். சுருட்டு வைக்கும் கூலர் பெட்டிக்குள் நமக்கு வேண்டியதோ 62 முதல் 66 வீதம். ஆகவே இங்கே வேலை இரண்டு: வெளி ஈரம் உள்ளே வராமல் தடுப்பது, உள்ளே கூடுதலாக இருப்பதை மெல்ல எடுப்பது.

"70 வீதம், 21 பாகை" என்ற பழைய விதியை இங்கே மறந்துவிடுங்கள். அது 21 பாகை செல்சியஸ் உள்ள அறைக்கானது. புகையிலைக்குள் இருக்கும் நீரின் அளவு மாறாமலே வெப்பநிலை கூடினால், இலையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் சற்று உயரும். நம் வீடுகளில் 28 முதல் 32 பாகை சாதாரணம், அந்தச் சூட்டில் பூஞ்சணமும் வேகமாக வளரும். 65ஐ இலக்காக வையுங்கள். 62க்கு இறங்கினாலும் கவலை இல்லை. 70ஐத் தொட்டால் கவனியுங்கள், 75ஐத் தொட்டால் அன்றே செயற்படுங்கள்.

பெட்டியைத் தேர்தல்

மீன் ஏற்றிய ஐஸ் பெட்டி வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய வாடை போகாது, புகையிலை அதை முழுமையாக இழுத்துக்கொள்ளும். ரெஜிபோம் பெட்டியும் வேண்டாம். மூடி இறுகாது, ஓரம் உதிரும். நடுவில் பொலியூரதேன் நுரை நிரப்பிய, தடித்த சுவருள்ள புதிய பிளாஸ்டிக் கூலர் பெட்டியை வாங்குங்கள். 45 லீற்றர் அளவில் 25 சுருட்டு கொண்ட மரப்பெட்டிகள் எட்டு முதல் பத்து வரை அடங்கும். மூடியின் ஓரத்தில் இறப்பர் நாடா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கதவு ஓரத்துக்கு ஒட்டும் நுரை நாடாவை ஹாட்வெயார் கடையில் வாங்கி, மூடி அமரும் விளிம்பு முழுவதும் மூலையில் இடைவெளி விழாமல் ஒட்டுங்கள். வடிகால் துளையின் திருகுமூடிக்குத் தெஃப்லோன் ரேப் நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். சிலிக்கோன் பசை பூசுவதானால் அதன் புளித்த மணம் முழுதாகப் போகும்வரை, குறைந்தது ஒரு கிழமை, திறந்து வைக்க வேண்டும்.

புதிய பெட்டிக்கும் பிளாஸ்டிக் வாடை உண்டு. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து உட்புறம் முழுவதும் பூசி, காய்ந்ததும் கழுவி, மூடியைத் திறந்தபடி மூன்று முதல் ஐந்து நாள் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். பிறகு ஒரு நாள் மூடிவைத்துத் திறந்து முகருங்கள். ஏதாவது மணம் மூக்கில் பட்டால் மறுபடியும் செய்யுங்கள். மணமுள்ள சோப்பும் டெட்டோலும் கிட்டவே வரக்கூடாது.

இனிக் கசிவுச் சோதனை. பெட்டிக்குள் டோர்ச் லைட்டை எரியவிட்டு இருட்டில் பார்ப்பது பெரிய இடைவெளியைக் காட்டும், நுண்ணிய கசிவைக் காட்டாது. நம் ஊர்க் காற்றிலே வேறொரு வழி எளிது. நன்றாக உலர்த்திய சிலிக்கா ஜெல் 20 கிராமை மெல்லிய துணிப்பையில் இட்டு, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசில் நிறுத்து, வெறும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். 48 மணி நேரம் கழித்து மீண்டும் நிறுங்கள். பெட்டிக்குள் இருந்த காற்றின் நீர் ஏறத்தாழ 1 கிராம், அவ்வளவு ஏறியே ஆகும். மொத்தம் 3 கிராமைத் தாண்டினால் எங்கோ காற்று புகுகிறது. நாளுக்கு 1 கிராம் என்று கசிந்தாலும் நான்கு மாத மாரியில் 120 கிராம் நீர் உள்ளே வந்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவையும் திருகுமூடியையும் சரிபார்த்து, மூடியின் மேல் ஒரு கனமான பலகையை வைத்து மீண்டும் சோதியுங்கள்.

ஈரமானியை நம்புமுன்

முள் சுழலும் வட்ட ஈரமானி அழகுக்குத்தான், 10 வீதம் பிழை காட்டுவது அதற்குச் சாதாரணம். சிறிய டிஜிட்டல் ஈரமானி இரண்டு வாங்குங்கள். ஒன்று அடியில், ஒன்று மேல்தட்டில்.

இரண்டையும் உப்பால் சோதிக்க வேண்டும். ஒரு போத்தல் மூடி நிறைய உப்பெடுத்து, சில துளி நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழையுங்கள். கரைந்து நீராகிவிடக்கூடாது. அதையும் ஈரமானிகளையும் சிப்லொக் பையில் இட்டு மூடி, வெப்பநிலை மாறாத இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். 25 பாகையிலும் 30 பாகையிலும் பைக்குள் ஈரப்பதன் 75 வீதமாகவே இருக்கும். ஈரமானி 79 காட்டினால் அதன் வாசிப்பிலிருந்து எப்போதும் 4ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதற்கு நிலாவெளிப் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பை எடுக்காதீர்கள். சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டு கலந்திருக்கும். அது நீரை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதால் பைக்குள் ஈரப்பதன் 75க்குக் கீழே நிற்கும், நீங்கள் நல்ல ஈரமானியைப் பிழையாகத் திருத்திவிடுவீர்கள். பக்கற்றில் வரும் சுத்திகரித்த தூளுப்புத்தான் சரி.

உப்புவெளி, நிலாவெளி என்று கடலுக்கு அருகே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று பற்றரி முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்றரியைக் கழற்றித் துடைத்து, உப்புச் சோதனையையும் மீண்டும் செய்யுங்கள்.

மரமும் சமநிலைப் பொதியும்

ஹியூமிடோர் எனப்படும், சுருட்டை ஈரப்பதன் மாறாமல் வைக்கும் மரப்பெட்டிகளுக்குப் பயன்படும் ஸ்பானிய சீடர், பெயரைத் தவிர மற்றபடி சீடர் இனமல்ல. மஹோகனியும் நம் வேம்பும் சேர்ந்த மெலியேசியே குடும்பத்து மரம் அது. கூலர் பெட்டிக்காக அதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. சுருட்டு வந்த வெறும் மரப்பெட்டிகளைக் கழற்றித் தட்டுகளாக இட்டாலே போதும். தேக்கு, பைன், வேம்பு மூன்றையும் தவிருங்கள். தேக்கில் எண்ணெய், பைனில் பிசின், வேம்பில் மணம். பூச்சு அடித்த பலகையும், பசை கலந்த ஒட்டுப்பலகையும் கூடாது.

மரத்தைத் தண்ணீரால் துடைத்துப் பதப்படுத்தும் வேலை இங்கே தேவையில்லை. மாரியில் வாங்கிய பலகை ஏற்கெனவே வேண்டியதற்கு மேல் ஈரமாக இருக்கும். ஏசி ஓடும் அறையில் இரண்டு மூன்று நாள் விரித்துவிட்டு உள்ளே வையுங்கள்.

ஈரத்தைச் சமப்படுத்த இங்கே மிகப் பொருத்தமானது இருவழிப் பொதி. பொவேடா இதில் பெயர்பெற்றது. கரைசல் நிரம்பிய அந்தப் பொதி, குறித்த வீதத்துக்கு மேலே போனால் ஈரத்தை இழுக்கும், கீழே போனால் விடும். 65 என்று அச்சிட்டதை வாங்குங்கள். 69, 72 இரண்டும் கசியும் மரப்பெட்டிகளுக்கானவை. 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று, 100 சுருட்டுக்கு 320 கிராம் பொதி ஒன்று என்பது கணக்கு. பத்துப் பெட்டி கொண்ட கூலருக்கு 320 கிராம் பொதி மூன்று வேண்டும். குறைத்து வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள்.

பொதியின் வரம்பையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுருட்டு ஏறத்தாழ 12 கிராம். 250 சுருட்டு என்றால் 3 கிலோ புகையிலை, அதில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட, அதாவது 375 கிராம் அளவு நீர்தான். பெட்டிக்குள் இருக்கும் காற்றிலோ 1 கிராம்கூட இல்லை. ஆகவே மூடியைத் திறந்து மூடுவதால் ஏறும் ஈரம் அற்பம். சுருட்டு உள்ளே போகும்போது எவ்வளவு ஈரத்தோடு போகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த 3 கிலோவில் நீர் இரண்டு வீதம் கூடுதலாக இருந்தால் 60 கிராம் நீரை வெளியே எடுத்தாக வேண்டும். அதைப் பொதிகளின் தலையில் கட்டினால் அவை பலூன் போல உப்பி நின்றுவிடும்.

அதற்குத்தான் வெறும் சிலிக்கா ஜெல். 65 வீத ஈரப்பதனில் 100 கிராம் உலர்ந்த ஜெல் 25 கிராமுக்கு மேல் நீரைப் பிடிக்கும். ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். 20 முதல் 30 கிராமைத் துணிப்பையில் இட்டு, சுருட்டிலிருந்து தள்ளி, மேல்மூலையில் வைத்து, மறுநாள் எடுத்து அடுத்ததை வையுங்கள். அவசரப்பட்டால் மேலிலை முதலில் காய்ந்து சுருங்கி, உள்ளே ஈரமாகவே இருக்கும் நிரப்பிலையின் மேல் வெடித்துவிடும். இந்த வேலை நடக்கும்போது பொதிகளை வெளியே எடுத்து மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் நீரையும் சேர்த்து ஜெல் குடித்துவிடும். நனைந்த ஜெல்லை 120 பாகை அவணில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். ஈரம் ஏறினால் நிறம் மாறும் நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைட்டு உண்டு, நச்சு. வாயில் வைக்கும் பொருளுக்குப் பக்கத்தில் அது வேண்டாம், வெள்ளை ஜெல்லையே வாங்குங்கள்.

வண்டு: இந்த வெக்கையில் முதல் எதிரி

குளிரூட்டாத கூலர் பெட்டி நம் ஊரில் 28 முதல் 31 பாகையில் நிற்கும். புகையிலை வண்டுக்கு இதைவிட இதமான வீடு கிடையாது. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டையாக அது வந்திருக்கலாம். 30 பாகையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை வண்டாகி, ஊசித் துளை போட்டு வெளியே வரும், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும். 18 பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி நிற்கும், ஆனால் முட்டை சாகாது. ஆகவே கூலருக்குள் போகும் எந்தச் சுருட்டும் முதலில் உறைய வேண்டும். எங்கிருந்து வந்தாலும், யார் தந்தாலும் விதிவிலக்கு இல்லை.

சுருட்டை இரண்டு சிப்லொக் பைகளுக்குள் அடுத்தடுத்து இட்டுக் காற்றை நெருக்கி வெளியேற்றுங்கள். முதலில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம். பிறகு பிரீசரில், மைனஸ் 18 பாகை அல்லது அதற்கும் கீழே, 72 மணி நேரத்துக்குக் குறையாமல். முழு மரப்பெட்டியாக இருந்தால் ஐந்து நாளாவது விடுங்கள், நடுவில் இருக்கும் சுருட்டுக்குக் குளிர் போய்ச் சேர நேரம் எடுக்கும். பின்னர் மீண்டும் பிரிட்ஜில் 24 மணி நேரம், அதன்பின் வெளியே பை திறக்காமல் 24 மணி நேரம். ஒரே கதவுள்ள சிறு பிரிட்ஜின் ஐஸ் அறை பல வேளை மைனஸ் 10ஐக்கூடத் தொடாது. உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். இடையில் நீண்ட மின்வெட்டு வந்தால் நேரத்தை ஆரம்பத்திலிருந்து எண்ணுங்கள்.

பை திறக்காமல் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் காற்றின் பனிபடுநிலை மாரியில் 24, 25 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் காற்றிலுள்ள நீர் துளிர்க்கும். குளிர்ந்த சுருட்டைத் திறந்தால் மேலிலை நனைந்து உப்பி, தலைப்பக்கம் பிரிந்துவிடும்.

நிரப்பியபின் முதல் இரண்டு கிழமை

அடியில் மரத்தட்டு, அதன்மேல் பெட்டிகள், சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி, பொதிகள் மூன்றும் மூன்று உயரங்களில். மரப்பெட்டிகளின் மூடியைச் சற்றுத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் ஈரமானி அவற்றைச் சுற்றியுள்ள காற்றை மட்டும் சொல்லும், அவற்றின் உள்ளே நடப்பதைச் சொல்லாது. முக்கால்வாசி நிரம்பிய கூலர்தான் நிலையாக நிற்கும். பாதி வெறுமையாக இருந்தால் உலர்ந்த மரத்துண்டுகளால் நிரப்புங்கள்.

மூடிய பிறகு மூன்று நாள் எதையும் தொடாதீர்கள். நான்காம் நாள் 68 காட்டினால் பொதிகளே இறக்கிவிடும். 72க்கு மேல் நின்றால் மேலே சொன்னபடி சிலிக்கா ஜெல். ஈரமானி ஒரு நாளில் இரண்டு மூன்று வீதம் ஏறி இறங்குவது அறையின் சூட்டால் வருவது, அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். கிழமைச் சராசரி எங்கே போகிறது என்பதைப் பாருங்கள்.

பெட்டி இருக்கும் இடம் பாதி வேலை. சீற் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரோடு, படிக்கட்டின் அடியில் வைக்காதீர்கள். கச்சான் நாளில் அங்கே 36 பாகைக்குப் போகும். நடு அறையில், சீமெந்துத் தரையில், கட்டிலுக்குக் கீழே நல்ல இடம். இரவில் மட்டும் ஏசி போடும் அறை அவ்வளவு நல்லதல்ல, தினமும் ஆறேழு பாகை ஏறி இறங்கும். கூலருக்குள் ஐஸ் போத்தல் வைத்துக் குளிரவைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். போத்தலைச் சுற்றித் துளிர்க்கும் நீர் அடியில் தேங்கி, கீழ்ப்பெட்டியைக் கெடுக்கும்.

நண்பகலில் காற்று உலர்ந்திருக்கும், அப்போது திறப்பதே நல்லது என்றொரு நம்பிக்கை உண்டு. நண்பகலில் வீதம் இறங்குவது காற்று சூடாவதால், அதிலுள்ள நீர் பெரிதாகக் குறைவதில்லை. அதே காற்று பெட்டிக்குள் 29 பாகைக்கு வந்தால் மாரியில் 75ஐத் தாண்டித்தான் நிற்கும். காற்றை மாற்றிவிட விரும்பினால் ஏசி ஒரு மணி நேரம் ஓடிய அறைக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். அங்கே காற்றின் நீர் உண்மையாகவே குறைந்திருக்கும். பெட்டி அறையைவிடச் சூடாக இருப்பதால் நீர் துளிர்க்கவும் மாட்டாது. மாதம் இரண்டு முறை போதும்.

யாழ்ப்பாணச் சுருட்டு வைத்திருப்பவர்கள் அதற்குத் தனிப்பெட்டி வையுங்கள். புகைபோட்டுப் பதப்படுத்திய இலையின் மணம் ஒரு கிழமையில் கூலர் முழுவதையும் பிடித்துவிடும். கியூபா, டொமினிக்கன் சுருட்டின் மெல்லிய மணம் அதன் முன் நிற்காது. பழச்சாறு, வனிலா ஊட்டிய சுருட்டுக்கும் இதே விதி.

வைன் பிரிட்ஜை மாற்றியமைப்பவர்களுக்கு

வெப்பநிலையையும் ஆள விரும்பினால் சிறிய வைன் பிரிட்ஜ். 20 பாகையில் நிறுத்தினால் வண்டு ஏறத்தாழ முடங்கிவிடும். கொம்பிரசர் இல்லாத, மின்சாரம் பாய்ந்ததும் ஒருபக்கம் குளிரும் மின்வெப்பத் தகட்டால் குளிரூட்டும் வகை அறை வெப்பநிலையிலிருந்து 10, 12 பாகைதான் இறக்கும். அறை 33 என்றால் உள்ளே 21க்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். கொம்பிரசர் வகை எவ்வளவும் இறக்கும். ஆனால் ஓடும் ஒவ்வொரு தடவையும் குளிர்த்தகடு ஈரத்தை உறிஞ்சுவதால் வீதம் சட்டென விழுந்து, நின்றதும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க, கூலருக்குச் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு பொதி வையுங்கள்.

பின்தகட்டில் துளிர்க்கும் நீர் சுருட்டின் மேல் விழாமல், தகட்டுக்கு முன்னே சரிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றை நிறுத்துங்கள். வடிகுழாயை அடைத்தால் நீர் உள்ளே தேங்கும், திறந்து விட்டால் வெளிக்காற்று அதன் வழியே நுழையும். குழாயின் வெளிமுனையை U வடிவில் வளைத்து, வளைவில் சிறிது நீர் நிற்க விட்டால் இரண்டும் தீரும். அடித்தட்டு எப்போதும் மேல்தட்டைவிட ஈரமாகக் காட்டும். அங்கே குளிர் அதிகம் என்பதே காரணம். 80 மில்லிமீற்றர் கணினி விசிறி ஒன்றை, 12 வோல்ற்றுக்குப் பதில் 5 வோல்ற்றில், சில மணிக்கொரு தடவை பத்து நிமிடம் சுவரைப் பார்த்தபடி ஓடவிட்டால் வித்தியாசம் 3 வீதத்துக்குள் அடங்கும். கதவைத் திறக்கும் விடயத்தில் கூலருக்கு இருக்கும் தாராளம் இங்கே இல்லை. ஒவ்வொரு முறையும் நுழையும் சூடான காற்றின் நீர் நேரே தகட்டில் துளிர்க்கும்.

கெட்டுப்போனால்

மேலிலையில் பஞ்சு போல, பச்சை, நீலம் அல்லது வெள்ளை நிறத்தில் எழும்பி நிற்பது பூஞ்சணம். ஓரிரண்டில் மேலிலையில் மட்டும் இருந்தால் வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்டி, தனிப்பையில் வைத்துக் கண்காணியுங்கள். பற்றவைக்கும் அடிமுனையில் புகுந்திருந்தால் எறிந்துவிடுங்கள், உள்ளேயும் போயிருக்கும். பெட்டியின் உட்புறத்தைப் பாமசியில் கிடைக்கும் 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, ஒரு நாள் திறந்து வையுங்கள். பூஞ்சணம் படிந்த மரத்தட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

குண்டூசித் துளையும் பழுப்புத் தூளும் கண்டால் வண்டு. அந்தப் பெட்டியை மட்டும் உறையவைத்துப் பயனில்லை. கூலருக்குள் இருக்கும் அனைத்தையும் பிரீசர் சுற்றுக்கு அனுப்பி, கூலரின் மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சியால் இழுத்துத் துடையுங்கள்.

பொதி தட்டையாகி உள்ளே கல் போல இறுகினால் அதன் நீர் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். கச்சான் முடிவில் இதை எதிர்பார்க்கலாம். உப்பிப்போன பொதியை எறியத் தேவையில்லை. மூடிய டப்பாவில் உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்து, பழைய எடைக்கு இறங்கியதும் திரும்பப் போடுங்கள். இதற்காகப் பொதியின் மேல், வாங்கிய அன்றே அதன் எடையை எழுதி வையுங்கள்.

வைன் பிரிட்ஜிலிருந்து புகைக்க எடுக்கும் சுருட்டை, பிரிட்ஜுக்குள் வைத்தே சிப்லொக் பையில் இட்டு மூடி, பிறகு வெளியே எடுத்து, இரண்டு மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வரவிட்டுத் திறங்கள். கூலர் பெட்டியிலிருந்து எடுப்பது ஏற்கெனவே அறைச் சூட்டிலேயே இருப்பதால் அதற்குக் காத்திருப்பு இல்லை. ஆனால் மாரியில் அதை வெளியே வைத்துவிட்டு மறக்காதீர்கள். ஓர் இரவுக்குள் மேலிலை ஈரம் இழுத்து, பற்றவைத்தால் ஒருபக்கமாக எரிந்து அணைந்துவிடும்.